நின்று தொலைக்காத கணினி

தலைமை செத்தால் பிள்ளைகளும் அந்த இடத்திலேயே சாகவேண்டும். பதறாதீர்கள், தரவுத்தளத்தைச் சொல்கிறேன். கணினிக்குள் தலைமை நிரல் ஒன்று, பதிவு மேசை ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளை நிரல். எந்த இருக்கை யாருக்குப் போனது என்று எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கணக்கில் வைத்திருப்பது தலைமைதான். அது விழுந்த பிறகும் பிள்ளைகள் இருக்கைத் துண்டு அடித்துக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் சேவை இல்லை, விசர்.

நெடுந்தீவுப் படகுக்கு இருக்கை பதியும் கணினியை நான்தான் பார்க்கிறேன். நான் கரம்பொன்னில் வீட்டில் நின்ற ஒரு நாள் தலைமை நிரல் விழுந்துவிட்டது. நெடுந்தீவுத் துறையின் பொறுப்பாளர் எனக்கு அழைப்பு எடுத்தாரா? இல்லை. கனடாவில் இருக்கும் தன் மச்சானுக்கு எடுத்திருக்கிறார். எங்கள் ஆட்களுக்குக் கிணற்று மோட்டார் பழுதானாலும் வெளிநாட்டில் இருக்கிறவன் சொல்வதுதான் வேதம். பழைய பிள்ளைகள் இன்னும் ஓடுகின்றன, மறுபடி தொடங்கமாட்டேன் என்று கணினியே பூட்டுப் போட்டு மறித்திருக்கிறது. அந்தப் பூட்டுக் கோப்பை அழித்துவிடச் சொன்னானாம் மச்சான். இவரும் அழித்தார். புதுத் தலைமை ஒன்று எழும்பியது. பழைய பிள்ளைகள் ஒரு பக்கம், புதியவை இன்னொரு பக்கம், ஒன்றையொன்று அறியாமல் அதே இருக்கைகளைப் பதிந்து தள்ளின.

மறுநாள் படகில் நெடுந்தீவுக்குப் போய் இறங்கினேன். அதே படகு திரும்புவதற்கு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அதுதான் கடைசிப் படகு. துறையில் ஒரே சத்தம். நோயாளிக்கு ஒதுக்கிய இருக்கைக்கு இரண்டு பேரிடம் துண்டு. காலில் கட்டுப்போட்ட ஐயா ஒருவர் முதலே ஏறி இருந்துவிட்டார். கீழே பையும் கையுமாக ஒரு அக்கா. விடிந்தால் அவருக்கு யாழ்ப்பாணத்தில் கண் ஒப்பரேசன். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த திகதி.

"லைப் ஜக்கெற் இருக்கிற அளவுக்குத்தான் ஆள். கூட ஏத்த ஏலாது அக்கா," என்றார் படகோட்டி.

பொறுப்பாளர் என்னைக் கண்டதும் நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தீரோ, தலைமை விழுந்தும் ஒரு நிமிசம் வேலை நிக்கேல்லை."

"நிண்டிருக்க வேணும் அண்ணை! அது விழுந்த உடன எல்லாம் நிண்டிருக்க வேணும்!"

"நிண்டா சனம் ஏசுமெல்லே?"

ஏச்சுக்குப் பயந்த மனுசன். தூ! எங்கள் துறையில் கணினி நின்ற நாட்களில் சனம் விடியவே வந்து பையை வரிசையில் வைத்துவிட்டுப் போகும். பை இருக்கும் இடம் ஆளின் இடம், வேறு ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள். படித்த இந்த மடையருக்கு அது பின்தங்கிய வேலையாம்.

படகு வெளிக்கிட்டது. அக்கா ஏசவில்லை. துண்டை என்னிடம் நீட்டினார்.

"மெசின் நிண்டுபோச்சு எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, என்ர பையைத்தான் முதல் வைச்சிருப்பன் தம்பி. வீடு உதில பக்கத்திலதானே."

துண்டை வாங்கிக்கொண்டேன். பொறுப்பாளர் போனில் மச்சானோடு கதைத்தபடி கந்தோர் அறைக்குள் போய்விட்டார். அக்கா கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"படகு தூரப் போயிட்டுதோ தம்பி? எனக்குத் தெரியேல்லை."