எலி தின்ற தாள்

மாவுப் பானைக்குள் கையை விட்டு சக்காரிஸ் பிரசங்கப் புத்தகத்தை வெளியே எடுத்தார். பார்லி மாவு மேசையெல்லாம் கொட்டியது.

"கண்டுபிடிச்சுட்டியா?" என்றாள் அவர் மனைவி எல்ஸ்பா, அடுப்பைப் பார்த்தபடியே. "எடுத்துட்டுப் போ. அந்தப் பிரசங்கத்த வாசிச்சுட்டு இந்த வாசப்படிய மிதிக்காத."

"நானா எழுதினேன்?"

"வாசிக்கிறது நீதானே."

நான் கோயிலில் மணி அடிக்கிறவன். ஞாயிறு காலையில் அவரைக் கூட்டிப்போக வருவது வழக்கம். அன்றைக்கு உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

சக்காரிஸ் எங்கள் ஊர் உபதேசியார். ஃபாரோ தீவுகளில் ஒரு பாதிரியாருக்கு ஆறு கோயில். அவர் எங்களிடம் வருவது ஆறு வாரத்துக்கு ஒருமுறை. மற்ற ஞாயிறுகளில் சக்காரிஸ்தான் வாசிப்பார். வாரநாளில் ஆடு பார்ப்பார், மீன் பிடிப்பார், எங்களுக்கு முடி வெட்டுவார். ஞாயிறன்று, எப்போதோ செத்துப்போன ஒரு டேனிஷ் பாதிரியார் எழுதியதை டேனிஷிலேயே வாசிப்பார். சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. முப்பத்தொரு வருடம் அவர் சேர்க்கவில்லை. ஈஸ்டர் பிரசங்கத்தில் ஒரு தாளை எலி தின்றுவிட்டது. அந்த இடம் வந்ததும், ஒரு தாளை வாசிக்க ஆகும் நேரம் சும்மா நிற்பார். பிறகு அடுத்த தாளுக்குப் போவார். நாங்களும் தலை குனிந்து காத்திருப்போம். அந்த மௌனமும் ஈஸ்டரைச் சேர்ந்தது என்றே எங்கள் பிள்ளைகள் நினைத்து வளர்ந்தார்கள்.

செவ்வாய்க்கிழமைப் புயலில் ஒரு படகு திரும்பவில்லை. ஏழு பேர். உபதேசியாரின் மகன் ஹேரல்வும் அதில் ஒருவன். அந்த ஞாயிறுக்கு முறைப்படி வந்த பாடம், இயேசு படகில் தூங்கியதும், எழுந்து புயலை அடக்கியதும். அதற்கான பிரசங்கத்தின் நடுவில் ஒரு வரி இருப்பது ஊருக்கே தெரியும்: விசுவாசம் உள்ளவன் ஏறிய படகைக் கடல் விழுங்காது.

கோயில் வாசலில், படகு கட்டும் தாவுர் அவர் தாடியில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்து, "என்ன உபதேசியாரே, ரொட்டி சுட்டுட்டு வர்றீங்களா?" என்றான். சொன்ன பிறகு தொப்பியைக் கழற்றிக் கசக்கினான். "மன்னிச்சுக்குங்க. என் வாய் சும்மா இருக்காது."

"இருக்கட்டும்டா. நாலு நாளா எல்லாரும் எங்கிட்ட கிசுகிசுன்னே பேசுறாங்க. நீயாவது சத்தமா பேசினியே."

எல்ஸ்பா வரமாட்டாள் என்று நினைத்தேன். முதல் பாட்டு முடிவதற்குள் வந்து, மற்ற ஆறு வீட்டுப் பெண்களுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

அவர் வாசித்தார். தாளைத் திருப்பும்போதெல்லாம் மாவு உதிர்ந்தது. அந்த வரிக்கு முன்னால் நின்றார்.

இங்கேயும் எலி தின்றுவிட்டது என்று நினைத்தோ, பழக்கத்திலோ, எல்லோரும் தலை குனிந்தோம். ஒரு தாள் நேரம் போயிற்று. இரண்டு தாள் நேரம். பலகைச் சுவருக்கு அப்பால் கடல் கேட்டது. பிறந்ததிலிருந்து கேட்கும் சத்தம்தான். அது எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் காதுக்குத் தெரிந்தது.

அவர் புத்தகத்தை மூடினார். அந்த மேடையிலிருந்து நாங்கள் அதுவரை கேட்டிராத எங்கள் சொந்தப் பேச்சில் சொன்னார்:

"எம் பையன் விசுவாசத்தோடதான் போனான். ஏழு பேரும் அப்படித்தான். அவரு எழுந்திருக்கல. ஏன்னு எனக்குத் தெரியாது. இத எழுதினவருக்கும் தெரியாது."

மேடையை விட்டு இறங்கினார்.

வெளியே காற்றே இல்லை. செவ்வாய்க்கிழமையின் அதே கடல், தாழ்ந்த சூரியனில், தொடுவானம்வரை ஒளியாகக் கிடந்தது. தெற்குத் தீவு கையெட்டும் தூரத்தில் நின்றது. வீட்டுக்குப் போக ஒருவருக்கும் கால் எழவில்லை. ஏழு பேரைக் கொண்டுபோன தண்ணீர். அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை; வெட்கமாகவும் இருந்தது.

எல்ஸ்பா அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இதையும் ஆண்டவர்தான் செஞ்சாரு, இல்ல?"

"ஆமா."

"ரெண்டையும்."

"ஆமா."

வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் தாடியிலிருந்த மாவைத் தட்டிவிட்டாள். "வா, வீட்டுக்கு."

மறுநாள் திங்கள். தெற்கிலிருந்து லேசான காற்று. இரண்டு படகுகள் போயின; ஒன்றில் சக்காரிஸ் துடுப்புப் போட்டார். காட் மீன் நன்றாகக் கிடைத்தது. உடல் எதுவும் கிடைக்கவில்லை. மத்தியானம், சொந்தமாக ஐந்து வாக்கியம் சேர்த்துவிட்டதாகப் பாதிரியாருக்குக் கடிதம் எழுதினார். எல்ஸ்பா பானையில் மிச்சமிருந்த மாவைச் சலித்து ரொட்டி சுட்டாள்.