சிதம்பரத்தில் நிற்கும் பழைய ஜெட்டும் ஐந்து பின்களும்

ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம், வியாழக்கிழமை, கடலூரிலிருந்து தனியாகச் சிதம்பரம் போனேன். கோயிலுக்கு இல்லை. ஊருக்கு வெளியே ஒரு பாலிடெக்னிக்கில் நிற்கும் பழைய ஜெட் விமானத்துக்காக. போனில் ஒரு போட்டோ வந்திருந்தது. விமானி இருக்கையில் ஒரு மாணவன், தலைக்கு மேலிருக்கும் மஞ்சள் கறுப்புக் கைப்பிடியைப் பிடித்துச் சிரிக்கிறான். அதை இழுத்தால் அடியிலுள்ள வெடிமருந்து ஆளை இருக்கையோடு வெளியே தூக்கி எறியும். தவறி இழுக்காமலிருக்கச் சிவப்புத் துணி கட்டிய பாதுகாப்புப் பின்களை மாட்டியிருக்க வேண்டும். போட்டோவில் அவை இல்லை. விமானப்படையில் இந்த மாதிரி இருக்கைகளைப் பராமரித்துத்தான் நான் இருபது வருஷம் சம்பளம் வாங்கினேன். கல்லூரிக்கு நாலு தடவை போன் போட்டும் எடுக்கவில்லை.

காலை 7.15 பஸ். 45 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், 40 ரூபாய். பக்கத்து சீட் கடைசி வரை காலி. மனைவி இறந்தபின் இது பழகியிருக்க வேண்டும், பழகவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ 120 ரூபாய், 6 கிலோமீட்டர்.

"பிளேன் பாக்கவா சார்? எம் புள்ளகூடப் போன வாரம் உள்ள குந்திக்கினு போட்டோ எடுத்தான்" என்றார் ஓட்டுநர். வேகமாக ஓட்டச் சொன்னேன்.

கல்லூரி வளாகத்தில் விமானத்தின்மேல் சாய்த்திருந்த ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தேன். இடக்கைப் பக்கம் த்ராட்டில், என்ஜின் வேகத்தைக் கூட்டும் பிடி. அந்தக் காலத்து ஜெட்டில் அதை வெடுக்கென்று தள்ளக் கூடாது, எரிபொருள் அதிகமாகி என்ஜின் அணைந்துவிடும். அருகில் எரிபொருளை அடைக்கும் நெம்புகோல், எதிரே தீ எச்சரிக்கை விளக்கு. எதற்கும் இப்போது உயிரில்லை. இருக்கையைப் பற்றித்தான் சொல்ல முடியாது. அதில் இருக்க வேண்டிய ஐந்து பின்களில் ஒன்றுகூட இல்லை.

லேப் உதவியாளர் செல்வத்துக்கு நாற்பது வயதிருக்கும். பின்கள் எங்கே என்று அவரிடம் கேட்டேன். "ஆயுத பூசைக்குக் கழட்டித் தொடச்சேன் சார். செவப்புத் துணியோட பாக்க லட்சணமா இருந்துச்சி, சாமி படத்தாண்டயே வச்சிட்டேன்."

சந்தனம் குங்குமத்தோடு நாலு பின்கள் இருந்தன. ஐந்தாவது? செல்வம் தலையைச் சொறிந்துகொண்டு பைக் சாவியை எடுத்தார். சாவிக்கொத்தில் தொங்கியது. கோபத்தில் கத்திவிட்டேன். பாவம், அவருக்கு யார் சொன்னார்கள்?

ஐந்தையும் மாட்டினேன். விமானத்தைப் பழைய இரும்பு வியாபாரியிடம் வாங்கினார்களாம். வெடிமருந்தை எடுத்தாயிற்றா என்று யாருக்கும் தெரியவில்லை. கல்லூரி முதல்வரிடம் மன்றாடி ஏணியை எடுக்கவும் வெடிமருந்து நிபுணர்களுக்குச் சொல்லவும் வைத்தேன். போட்டோவுக்கு நின்ற மாணவர்கள் என்னை முறைத்தார்கள்.

போகிறவர்கள் வேலை நாளில், பத்து மணிக்கு மேல் போங்கள். வெளியே நின்று பார்க்கலாம், கட்டணம் இல்லை. வேறு எந்த ஊரிலும் இப்படி விமானம் நின்றால், விசாரிக்காமல் பிள்ளைகளை இருக்கையில் ஏற்றாதீர்கள்.

நேற்று மதியம் செல்வம் போன் செய்தார். "வெடிமருந்து ஆளுங்க வந்து சீட்டப் பிரிச்சுப் பாத்தாங்க சார். மருந்து அப்படியே இருந்துச்சாம். எடுத்துட்டாங்க."

போனை வைத்துவிட்டுக் கூடத்தில் நின்றேன். "நல்லவேளை, போனீங்க" என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.