கம்பெனி பஸ்ஸில் கேட்ட வகுப்பு

ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் இயர்போனை மாட்டிக்கொள்வேன். ஆன்லைனில் எம்.ஏ. தத்துவம் படிக்கிறேன், பதிவுசெய்த வகுப்புகளைக் கேட்க அந்த நேரம்தான் கிடைக்கும். அசெம்பிளி லைனில் என்னோடு நின்று வேலை பார்க்கும் ஸ்டெல்லா அக்காதான் தினமும் எனக்கு இடம் போட்டு வைப்பார். அன்று அவர் ஏதோ சொன்னார். வகுப்பில் பேராசிரியர், பிறர் துயரத்தை மதிப்பது பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். நிறுத்த மனமில்லை. சிரித்துத் தலையாட்டி வைத்தேன்.

மறுநாள் அக்காவைக் காணோம். பின்சீட்டு மாலதி பிடித்துக்கொண்டாள்.

"அக்காவ வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க. மொதல்ல உன்கிட்டதான் சொன்னாங்களாம். சிரிச்சியாமே, இன்னாடி நீ?"

பதறி அக்காவுக்குப் போன் செய்தேன்.

"வுடு, நீ படிச்சிகினு இருந்தே" என்றார்.

அந்த வகுப்பை இன்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுக் கேட்கலாம். அக்கா சொன்னதை எங்கே போய்க் கேட்பேன்?