நெடுக்கும் குறுக்கும்

கைபேசியில் மட்டுமே வெளிவரும் மாத இதழ் அது. வீடு, தோட்டம், அலமாரி, திரைச்சீலை என்று கண்ணுக்குக் குளிர்ச்சியான சமாச்சாரங்கள். அதன் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை அமைக்க வேண்டும். கைபேசியை நிமிர்த்திப் பிடித்தால் ஒரு பக்கம், சாய்த்துப் பிடித்தால் அதே விஷயத்துக்கு வேறொரு பக்கம். நிமிர்ந்த பக்கங்கள் கணவர் வேலை, சாய்ந்தவை மனைவி வேலை. மேசைகள் இரண்டும் ஒட்டியே கிடந்தன. ஆபீஸில் அவரை நெடுக்கு சார் என்றும் இவளைக் குறுக்கு அக்கா என்றும் கூப்பிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், அப்புறம் முகத்துக்கு நேராகவே.

குறுக்கு அக்காவின் வேலை லேசுப்பட்டதில்லை. அவர் முடித்த பக்கத்தை வாங்கி, பிரித்துப் போட்டு, அகலத்துக்குத் தக்கபடி மறுபடி அடுக்க வேண்டும். நிமிர்ந்த பக்கத்தில் கம்பீரமாக நிற்கும் அலமாரிக்குச் சாய்த்ததும் தலை போய்விடும். தலையைக் காப்பாற்றினால் கால் போகும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள்.

"நாற்காலி காலை வெட்டிட்டியே."

"கால் வேணும்னா உங்க தலைப்பைச் சுருக்குங்க. என்னத்துக்கு அவ்ளோ பெரிசு, கல்யாணப் பந்தலா கட்டறீங்க?"

"தலைப்புல கை வைக்காத."

"அப்ப நாற்காலி நொண்டிதான்."

நாள் முழுக்க இப்படித்தான் போகும். புதிதாகச் சேர்ந்தவர்கள், அடடா, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பேசித் தீரவில்லையே இவர்களுக்கு என்று பெருமூச்சு விடுவார்கள். பெருமூச்சு விட்டவர்களை ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்க வேண்டும். பால் வந்ததா, கதவைப் பூட்டியாச்சா, அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடுவதற்கும் நாலு வார்த்தை வேண்டுமே!

அதற்கு ஒரு தொடக்கம் இருந்தது. ஒரு சமயம் குழந்தைப் புத்தகம் போடும் கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டது. பெரிய பெரிய படங்கள், நிறைய வண்ணங்கள், அவளே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். ஆசையாக இருந்தது. சாப்பிடும்போது கணவரிடம் கேட்டாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே "உன் இஷ்டம்" என்றார். எழுந்து கை கழுவப் போய்விட்டார். போ என்றாவது போகாதே என்றாவது சொல்லியிருக்கலாம் மனுஷன். இங்கே தன் பக்கங்களை ஆயிரக்கணக்கான பேர் பார்க்கிறார்களே, அவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டு அவள் தங்கிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அவரிடம் எதையும் கேட்பதை நிறுத்தினாள். முதலில் வலித்தது. பிறகு பழகிவிட்டது. அப்புறம் அங்கே வலிக்கவும் எதுவும் இல்லை.

சென்ற மாதம் மென்பொருள் கம்பெனியிலிருந்து ஒருவன் வந்தான். புதிய பதிப்பாம். வாய் கொள்ளாத சிரிப்போடு ஒவ்வொரு வசதியாக அவிழ்த்துக் காட்டினான். இதழ் வெளியான பிறகும் தப்பைத் திருத்தலாம். நெட் இல்லாத இடத்திலும் படிக்கலாம். பிறகு கைபேசியை உயர்த்திப் பிடித்து மெல்லச் சாய்த்தான். நிமிர்ந்த பக்கம் தானாகக் கலைந்து, தானாக அடுக்கிக்கொண்டு, சாய்ந்த பக்கமாக உட்கார்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் தட்டுகிறார்களே என்று அவளும் தட்டினாள். கணவர் தட்டவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு. வாசகர் எப்படிப் படிக்கிறாங்கன்னு இனிமே நீங்க எல்லாருமே பார்க்கலாம்" என்று திரையில் ஒரு படத்தைப் போட்டான் அவன். நிமிர்த்திப் பிடித்துப் படிப்பவர்கள் நீலம், சாய்த்துப் பிடிப்பவர்கள் மஞ்சள். திரை முழுக்க நீலமாக இருந்தது. ஓரத்தில் நூல் மாதிரி மஞ்சளாக ஒன்று தெரிந்தது, அதுவும் உற்றுப் பார்த்தால்.

"இந்த மஞ்சள்காரங்களும் படுத்துக்கிட்டுப் படிக்கும்போது கை தவறிச் சாய்ச்சிருப்பாங்க" என்றான்.

ஆபீஸ் சிரித்தது. அவளும் சிரித்தாள். முகம் அதன்பாட்டுக்குச் சிரித்தது, அவள் உள்ளே எங்கோ உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் எடிட்டர் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டாள். இருவரையும்விட வயதில் சின்னவள், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத நல்ல பெண். "சார், அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே ரெண்டு பேருக்கு இங்க வேலை இல்ல, ஒருத்தர் போதும். யார் இருக்கப் போறீங்கன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. அவசரமில்ல, நிதானமா வீட்ல பேசிட்டு வந்து திங்கட்கிழமை சொல்லுங்க."

வீட்டில் பேசுவதாம்! வேறு எது வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம்.

சனிக்கிழமை இருவரும் பேசவில்லை. ஞாயிறு மதியம் அவர் கொடியிலிருந்து துணிகளை எடுத்து வந்து கட்டிலில் போட்டு மடிக்க உட்கார்ந்தார். அவள் எதிரில் போய் நின்றாள்.

"திங்கட்கிழமை என்ன சொல்றது?"

"உன்..."

"அதை மட்டும் சொல்லாதீங்க."

அவர் துண்டை நாலாக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"அந்த மஞ்சக் கோட்டைப் பார்த்து எல்லாரும் சிரிச்சாங்க, நீங்க மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க. அது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு மாசாமாசம் வரும். சீனியர்னு எனக்கும் எடிட்டருக்கும் மட்டும் அனுப்புவாங்க."

"எப்பலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

"யாருமே சாய்க்கறதில்லன்னு அப்பவே தெரியும்?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அந்தக் குழந்தைப் புத்தகக்காரங்ககிட்டப் போயிருப்பே."

"போயிருப்பேன்."

"போயிருந்தா நான் யார்கூடப் பேசறது?"

அவள் தன் கோபத்தைத் தேடிப் பார்த்தாள். இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நெடுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்து மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்ப்பது போலிருந்தது. தன்னுடையதுதான், ஆனால் தொட்டது தெரியவில்லை.

"வீட்ல நான் இருந்தேனே" என்றாள்.

அவர் ஒரு சட்டையை எடுத்தார். எடுத்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அவளே, "நான் வேலையிலேர்ந்து நின்னுக்கறேன். சொல்லிடுங்க" என்றாள். "இல்ல, நான் வேணா..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் சமையலறைக்குப் போய்விட்டாள். இந்த ஒரு தடவையாவது அது உண்மையிலேயே அவள் இஷ்டமாக இருக்கட்டும்.

அவள் வேலையை விட்ட மறுவாரம் ஒரு காலையில் ஃபோன் அடித்தது. பின்னால் ஆபீஸ் சத்தம் கேட்டது.

"புது சாஃப்ட்வேர் நாற்காலி காலை வெட்டிடுச்சு" என்றார்.

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

அவள் வைத்துவிடவில்லை. அவரும் வைக்கவில்லை. யாரோ அவர் மேசையைத் தாண்டிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து மேசையை எடுத்துவிட்டார்களா, இன்னும் கிடக்கிறதா என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை.

"சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொல்லுங்க" என்றாள்.

"மத்தியானமே இதழ் போயிடும்."

"போகட்டும். யார் பார்க்கப் போறா?"

சாயங்காலம் வழக்கம்போல வந்தார். பையை மாட்டினார், முகம் கழுவினார், கதவைப் பூட்டியாச்சு என்றார். கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார் என்று அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். ஏமாற்றம்கூட வரவில்லை.

பின்னால் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கையைத் தொடையில் ஊன்றி, தரையைப் பார்த்தபடி தொண்டையைச் செருமினார்.

"அந்த நாற்காலிக் கால்..." என்றார்.

அவள் அடுப்பைத் தணித்தாள்.

"எந்தக் கால்?"