ராஜப்பண்ணன் செய்த சக்கரக்கூடு

ராஜப்பண்ணனுக்குக் கோழியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அவரைக் குறைத்துச் சொல்லவில்லை, கேட்டால் அவரே ஒத்துக்கொள்வார். பதினாறு வயதில் தொப்பூர் கணவாய் ஓரத்து வெல்டிங் பட்டறைக்குப் போனவர், ஐம்பத்தெட்டு வயதுவரை அங்கேயே கிடந்தார். கணவாயில் அடிபட்டு வரும் லாரிக்குப் பாடி கட்டுவது, விரிசல் விட்ட இடத்தில் பற்றவைப்பது, பெயின்ட் அடிப்பது, அவ்வளவுதான் அவர் கண்ட உலகம். மொரப்பூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அவருக்கு வீடு, ஒன்றரை ஏக்கர் நிலம், மனைவி, மகள் எல்லாம் உண்டு. ஆனால் வருவது மாதத்தில் ஒரே நாள், அமாவாசைக்கு. அன்றைக்குத்தான் பட்டறைக்கு லீவு.

மிச்ச நாளெல்லாம் அந்த வீட்டை இழுத்தவள் ஜானகியக்கா. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான். நான் மணிமேகலை. ஊர் அங்கன்வாடியில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன், அதனால் எல்லோருக்கும் டீச்சர். என் கோபமும் ஊரறிந்தது, மூக்கு நுனியில் வைத்திருப்பேன். அதைப் பார்த்துச் சிரிக்கிற ஒரே ஆள் அக்காதான். “உன் கோவத்த ஒரு கோழிப் பஞ்சாரத்தப் போட்டுக் கவுத்து வையேன்டி மேகலா” என்பாள்.

அக்காவிடம் பதினோரு கோழி இருந்தது. மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால் கல் அடுக்கிக் கட்டிய பழைய கூடு, அதற்கு ஒரு வேங்கைப் பலகைக் கதவு. காலையில் கதவைத் தள்ளிவிட்டு “பா... பா... பா...” என்று குரல் கொடுத்தாள் என்றால் எந்த மூலையில் மேய்ந்தாலும் ஓடிவரும். என் வீட்டுக் கோழியும் கூடவே ஓடும், மானங்கெட்டதுகள். முட்டையும் குஞ்சும் விற்றுத்தான் மகள் பாரதியை டிப்ளமோ படிக்க வைத்தாள். பாரதி இப்போது ஓசூரில் புருஷன், பிள்ளை, கம்பெனி வேலை என்று இருக்கிறாள்.

போன வருடம் பங்குனியில் அக்காவுக்கு வாதம் வந்தது. குழாயடியில் குடத்தோடு சாய்ந்தாள். வலது பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ராஜப்பண்ணன் பட்டறையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். பத்து நாள் பார்த்துவிட்டு ஓடிவிடுவார் என்று ஊர் பேசியது. நானும்தான் பேசினேன். மனுஷன் ஓடவில்லை. குளிப்பாட்டினார், பீ மூத்திரம் அள்ளினார், தலை வாரிப் பின்னிவிட்டார். பின்னல் கோணல்மாணலாக இருக்கும், இருந்தாலும் ஒரு நாளும் தவறாது.

ஒரு நாள் என்னிடம் சொன்னார். “முப்பத்தி நாலு வருஷம் ஆச்சு டீச்சர் கல்யாணமாகி. கூட இருந்த நாளக் கூட்டுனா ஒன்றர வருஷம் தேறாது. போன் போட்டு ‘சாப்ட்டீங்களா’ம்பா, நான் ‘உம்’முன்னுட்டு வெச்சிருவேன். இப்ப ராத்திரியில நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், அவ கொரலே ஞாபகம் வரமாட்டேங்குது. ஒரே ஒரு வார்த்த பேசிட்டான்னா போதுங்க. திட்டுனாக்கூடப் பரவால்ல.”

வீட்டுக்கு வந்து கைகால் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிப் பெண்ணிடமும் இதையேதான் கேட்டார். “சில பேருக்குத் திரும்புதுங்கய்யா. ஒரு வருஷம் வரைக்கும் நம்பிக்கைய விடாதீங்க. அவங்களுக்குப் பிடிச்சத நாளெல்லாம் கண்ணு முன்னால வெச்சு, பேச வைங்க” என்றாள் அவள். அக்காவுக்குப் பிடித்தது என்ன என்று யாரைக் கேட்க வேண்டும்? அவள் படுத்திருந்த அறை ஜன்னல் கிழக்கே, எங்கள் வேலியைப் பார்த்தது. கோழிக்கூடோ பின்னால், மாட்டுக் கொட்டாய்க்கு அந்தாண்ட, அறுபது தப்படி தூரத்தில். ஜன்னலுக்கு வெளியே கம்பை இறைத்துப் பார்த்தார். வந்தன, கொத்தின, போய்விட்டன.

இந்த இடத்தில்தான் எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. ஆடி மாதம். அக்காவுக்குத் தண்ணியாக எதுவும் கொடுக்கக் கூடாது, கெட்டியாகக் கூழ் மாதிரிதான் ஊட்ட வேண்டும், இல்லையென்றால் புரையேறும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எனக்கு யார் சொல்வதும் காதில் ஏறாதே! வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று இளநீரைக் கொண்டுபோய் வாயில் ஊற்றினேன். புரையேறிக் கண் செருகிவிட்டது. அவர் ஓடிவந்து தூக்கி உட்காரவைத்து முதுகைத் தட்டித் தட்டி மூச்சைக் கொண்டுவந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினார்.

“கொன்னுபுடுவீங்க போலிருக்கே! இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதீங்க!”

தப்பு என்னுடையது. இன்றைக்குச் சொல்கிறேன், அன்றைக்கு ஒத்துக்கொண்டேனா? இருபது வருடம் இந்த வீட்டில் புழங்கியவள் நான், அமாவாசைக்கு அமாவாசை எட்டிப் பார்த்த ஆள் என்னைப் போகச் சொல்வதா என்று வீம்பு ஏறிக்கொண்டது. அந்த வாசலை மிதிக்கவில்லை. வேலி இடுக்கில் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவர் கூடு கட்ட ஆரம்பித்தார். பட்டறையிலிருந்து வெல்டிங் மெஷினை ஒரு வாரத்துக்கு இரவல் கேட்டு வாங்கிவந்தார். ஓட்டை மொபெட் ஒன்றைப் பிரித்து இரண்டு சக்கரம் எடுத்தார். சதுரக் குழாயை வெட்டிச் சட்டம் பற்றவைத்து, கீழ்ப்பாதிக்குத் தகரம், மேல்பாதிக்குக் கோழி வலை, அடை உட்கார இரண்டு பெயின்ட் டப்பா, ராத்திரி ஏறி உட்கார மூங்கில் கழி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். முன்னால் இழுக்க ஒரு கைப்பிடி. ஜன்னல் பக்கம் வரும் தகரத்தை மட்டும் நீக்கி முழுக்க வலை அடித்தார், அக்கா படுத்தபடியே கோழியின் கால்வரைக்கும் பார்க்க வேண்டுமாம். கடைசியாக, கோழியை மாற்றுகிற அன்றைக்கு, பழைய கல்கூட்டின் வேங்கைப் பலகையையும் பெயர்த்து வந்து புதுக்கூட்டுக்குக் கதவாக மாட்டினார்.

கை சும்மா இருக்குமா? லாரிக்கு அடிக்கிற மாதிரி மஞ்சள் அடித்து, ஓரத்தில் பச்சைக் கோடு இழுத்து, நெற்றியில் சிவப்பில் ‘ஜானகி’ என்று எழுதினார். பால் சொசைட்டிக்குப் போகிற சின்னராஜ் வண்டியை நிறுத்திவிட்டு, “ஏண்ணே, இதுக்கு ஸ்டேட் பெர்மிட்டா, நேஷனல் பெர்மிட்டா?” என்று கேட்டான். “வூட்டு ஜன்னல் வரைக்கும்தான் பெர்மிட்டு” என்று இவரும் சிரித்தார். பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

கூட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோக அவர் தேர்ந்தெடுத்தது ஆவணி அமாவாசை. பட்டறையில் பாடி கட்டி முடித்த வண்டியை அன்றைக்குத்தான் பூஜை போட்டு வெளியே எடுப்பார்களாம். சக்கரத்துக்கு அடியில் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, உச்சி வேளையில் அறுபது தப்படியும் ஒரே இழுப்பாக இழுத்து வந்து ஜன்னலுக்கு நேரே நிறுத்தினார். உள்ளே கம்பை இறைத்ததும் பதினோரு கோழியும் திபுதிபுவென்று ஏறிக்கொண்டன.

உள்ளே போய் அக்காவைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்தார். அவள் பார்த்தாள். வாய் ஒரு பக்கம் கோணியது. தொண்டையில் என்னவோ உருண்டது. பிறகு, “ப்... பா” என்று ஒரு சத்தம். ஐந்து மாதத்தில் முதல் சத்தம்! கோழியெல்லாம் தலையைத் தூக்கி வலையோரம் வந்து நின்றன. மறுபடி, “பா.” அண்ணன் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் வேலிக்கு இந்தப் பக்கம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். ஒரு எட்டு வைத்தால் அந்த அறைக்குள் நானும் இருந்திருப்பேன். போகவில்லை, கூப்பிடட்டும் என்று நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மேயட்டும் என்று கூட்டைத் திறந்துவிட்டார்.

கோழி வளர்க்கிறவர்களுக்கு ஒன்று தெரியும், என் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பொழுது சாய்ந்தால் கோழி கூட்டைத் தேடாது, பழகின இடத்தைத் தேடும். கூட்டை இடம் மாற்றினால் மூன்று நாள் உள்ளேயே அடைத்துவைக்க வேண்டும். இல்லை, தினம் இரண்டு முழம் நகர்த்தி நகர்த்திக் கொண்டுபோக வேண்டும். லாரிக்காரருக்கு இது எப்படித் தெரியும்? வண்டி நிற்கிற இடத்தில்தானே சரக்கும் இருக்கும்.

அன்று சாயங்காலம் நான் துணி எடுக்கக் கொல்லைக்கு வந்தேன். பதினோரு கோழியும் அந்த மஞ்சள் கூட்டை ஏறெடுத்தும் பாராமல் தாண்டி, வரிசையாக மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால் போயின. கதவில்லாத கல்கூட்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்தன. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அண்ணன் உள்ளே அக்காவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார், அவர் குரல் எனக்குக் கேட்டது. “அண்ணா, கோழி பழைய கூட்டுக்குப் போயிருச்சு” என்று ஒரு சத்தம் போட எவ்வளவு நேரமாகும்? சொல்ல வாயெடுத்தேன். வாசப்படி மிதிக்காதே என்றாரே, வந்து கேட்டால் சொல்வோம் என்று துணியை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கு அதுவும் கிடையாது.

இருட்டினதும் அவர் வந்து மஞ்சள் கூட்டின் கதவைச் சாத்திவிட்டுப் போனார். பழைய கூட்டையும் அவர் எண்ணிப் பார்த்துச் சாத்தியதில்லை. கோழி எப்போதும் உள்ளேதான் இருக்கும், கதவை மட்டும் தள்ளினால் போதும் என்று பழகியிருந்தார்.

விடிந்து பார்த்தால் கொட்டாய்க்குப் பின்னால் ஒரே இறகு. வெருகு வந்திருக்கிறது, காட்டுப்பூனை. ஒன்றைத் தின்ன வந்தது ஒன்பதைக் கடித்துப் போட்டிருந்தது. செவலை ஒன்றும் சாம்பல் ஒன்றும் மட்டும் கொட்டாய் விட்டத்தில் ஏறித் தப்பியிருந்தன. அண்ணன் ஜன்னலைச் சாத்திவிட்டுக் குழி வெட்டினார்.

அதன்பிறகு நேராக வேலியாண்ட வந்து நின்றார். கையெல்லாம் மண்.

“டீச்சர், அவ கோழிங்க என்னென்ன நெறம்? எனக்குத் தெரியலீங்க. இத்தன நாளா தீனி போட்டிருக்கேன், பாத்ததே இல்ல பாருங்க. இன்னிக்குச் சந்த. அதே மாதிரி வாங்கியாந்து வுட்டுர்றேன். நேத்துதான் வாயத் தொறந்தா, இப்பப் போயி இதச் சொன்னா மறுபடி மூடிக்குவா.”

நான் நிறத்தைச் சொன்னேன். கருப்பு மூன்று, புள்ளி இரண்டு, கழுத்தில் இறகில்லாத செவலை ஒன்று என்று எல்லாம் சொன்னேன். மூன்று நாள் அடைத்துவைக்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் சொன்னேன். அவர் நெற்றியில் அறைந்துகொண்டார். முந்தின நாள் சாயங்காலம் நான் கண்டதை மட்டும் சொல்லவில்லை.

சந்தையில் தேடித்தேடி ஒன்பதையும் வாங்கிவந்தார். இறகில்லாத கழுத்துக்கூடக் கிடைத்துவிட்டது. எல்லாவற்றையும் மஞ்சள் கூட்டில் அடைத்து, மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தார்.

நான் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் அவர் வேலியை நோக்கி ஓடிவந்தார், சட்டைகூட இல்லாமல்.

“பேசிட்டா டீச்சர்! பேசிட்டா! சுத்தமாப் பேசிட்டா!”

எனக்கு விளக்குமாறு கையிலிருந்து நழுவியது. “என்னங்கண்ணா சொன்னாங்க?”

சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். முகத்தில் இருந்த சந்தோஷம் என் கண்ணெதிரே வடிந்தது. கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

“பா பான்னு கூப்ட்டா. பழைய ரெண்டு மட்டும் வந்துச்சு. மத்ததெல்லாம் மெரண்டு அந்தாண்ட மூலைக்கு ஓடிருச்சு. கொஞ்ச நேரம் பாத்தா. அப்பறம் என்னப் பாத்து, ‘என்னுது இல்ல’ன்னா.”

அன்றைக்கே நான் அந்த வாசப்படியை மிதித்தேன். அவர் தடுக்கவில்லை. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். “அக்கா, மேகலா வந்திருக்கேன்” என்றேன். திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அண்ணன் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி அழுதார், மன்னிப்புக் கேட்டார். பாரதி ஓசூரிலிருந்து வந்து நான்கு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிப் பார்த்தாள். பிசியோதெரபிப் பெண்ணும் என்னென்னவோ செய்தாள். ஜன்னலைத் திறந்தால் அக்கா கண்ணை மூடிக்கொள்வாள், அவ்வளவுதான்.

தை மாதத்தில் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்து சனமெல்லாம் போன மறுநாள், அண்ணனுக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுபோனேன். வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“முப்பத்தி நாலு வருஷத்துக்கு அவ எனக்கு வெச்சுட்டுப் போனது அந்த ரெண்டு வார்த்ததான் டீச்சர்” என்றார். “அன்னிக்கு எண்ணிப் பாக்காமக் கதவச் சாத்துனேன் பாருங்க. எண்ணியிருந்தா பேச்சு வந்திருக்கும். கொஞ்சங் கொஞ்சமா எல்லாம் வந்திருக்கும்.”

நான் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தேன்.

“அன்னிக்குச் சாயங்காலம் நீங்க கொல்லையில துணி எடுத்துட்டு இருந்தீங்கல்ல? கோழிங்க அந்தாண்ட போனதப் பாத்தீங்களா?”

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தன்மேல் இருக்கிற பாரத்தை எந்தப் பக்கமாவது இறக்கிவைக்க முடியுமா என்று பார்க்கிற குரல் அது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதியாவது இறங்கியிருக்கும்.

“பாக்கலீங்கண்ணா” என்றேன்.

“அதான பாத்தேன்” என்று காபியைக் கையில் வாங்கிக்கொண்டார். “நீங்க பாத்திருந்தா ஒரு வார்த்த சொல்லாமலா இருந்திருப்பீங்க?”