மாவுருண்டைக்கு மேலே வந்த மீன்கள்

கடலைப் புண்ணாக்கை வறுக்கும் வாசனை எனக்கு அறவே ஆகாது. அதோடு மைதாவையும் கருவாட்டுத் தூளையும் கொட்டி, சோம்பை நசுக்கிப் போட்டு, தண்ணீர் தெளித்துப் பிசைந்து உருண்டை பிடித்தால், அந்தக் கை எத்தனை முறை சோப்புப் போட்டாலும் சாயங்காலம் வரை நாறும். அந்தக் கையாலேயே என் கன்னத்தைக் கிள்ளி, "பாத்தியா பாப்பா, இதுக்குப் பேரு தான் மருந்து மாவு" என்று பெருமை பேசுகிற தேவராஜ் மாமாவை, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் நான் பொறுத்துக்கொண்டேன்.

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டுக்குப் போகும் வழியில் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்தது எங்கள் ஊர். ஊருக்கு ஒரு ஏரி, ஏரிக்கு ஒரு கரை, கரைக்கு ஒரு கூட்டம். லீவு நாளில் காலை ஏழு மணிக்கே ஆண்கள் தூண்டிலும் கையுமாக வரிசையாகக் குந்திக்கொள்வார்கள். மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை தண்ணீரில் அசைகிறதோ இல்லையோ, வாய் மட்டும் ஓயாது. ஆடியில் தண்ணீர் வடிந்து சேறு சூடேறும்போது கெளுத்திக்கு "நாக்குப்பூச்சி", அதாவது மண்புழு. ஐப்பசியில் புதுத்தண்ணீர் செந்நிறமாக இறங்கும்போது கெண்டைக்கு மைதா மாவு. மார்கழியில் வெயில் முதுகில் உறைக்கும் வரை தூண்டில் முள்ளை நனைக்கவே கூடாது. தை, மாசியில் தண்ணீர் தெளிந்ததும் ராகிக் களி. விராலுக்கு மட்டும் எந்த மாசமானாலும் உயிரோடிருக்கும் தவளைக்குஞ்சு. இப்படி ஒரு வேதமே வைத்திருந்தார்கள். அதிலும் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாது. மழைக்கு முந்தின நாள்தான் மீன் கடிக்கும் என்பார் ஒருவர், மழை விட்ட மறுநாள்தான் என்பார் இன்னொருவர், கடைசியில் இரண்டு பேர் கூடையும் காலியாகத்தான் வீட்டுக்குப் போகும். மீன் பிடிக்கத் தெரியாதவனுக்குத்தான் மீனைப் பற்றி இவ்வளவு பேச்சு வரும் என்று அப்போதே எனக்குத் தோன்றிவிட்டது.

இந்த வெத்துவேட்டுகளுக்கு நடுவில் மாமாதான் ராஜா. மற்றவர்கள் பஞ்சாங்கம் பார்ப்பார்கள், காற்றை மோந்து பார்ப்பார்கள். மாமா ஒன்றும் பார்க்கமாட்டார். மழைக்காலத்தில் ஏதாவது ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில் டீக்கடையில் நின்று, "நாளைக்குக் காலைல மீனு மேல வரும், கூடைய எடுத்துக்கினு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். சொன்னது சொன்னபடி நடக்கும். மறுநாள் விடிந்ததும் வாய்க்கால் ஏரியில் சேரும் இடத்தில் நின்று மாவுருண்டைகளை ஒவ்வொன்றாக வீசுவார். கொஞ்ச நேரத்தில் கெண்டையும் உளுவையும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். "பசி! மாவு வாசனைக்கு வருதுங்க" என்பார் மாமா. அதற்குப் பிறகு தூண்டில் எதற்கு? கூடையால் அள்ளவேண்டியதுதான். "தேவராஜுக்குக் கைராசி" என்று ஊரே மெச்சும். அவரும் மீசையைத் தடவிக்கொண்டு, பெரிய மனசோடு தெருவில் வீடு வீடாக மீனைக் கொடுத்தனுப்புவார். எனக்கு அவருடைய பீற்றலைக் கண்டால்தான் எரிச்சல். மாவை நானும் நம்பினேன். இன்றைக்கு நினைத்தால் அதைவிட எரிச்சல்.

மாமாவுக்கு ஊருக்கு மேற்கே இருந்த ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. எங்கள் பக்கத்தில் அதை "ஷாப்பு" என்போம். அங்கே கழிவுத் தண்ணீர்த் தொட்டிக்கு அவர் பம்பு ஆப்பரேட்டர். இதைச் சொன்னதுமே உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். எங்கள் ஊரில் அத்தனை பெரிய மனிதர்கள் இருந்தும், ஒருத்தருக்கும் புரியவில்லை. புரிந்தவர்கள் வாயில் மீன் இருந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயதான அந்த ஐப்பசியில், அம்மாவுக்கு வேலூரில் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். ரத்தம் நிறையப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு வாரமாகியும் தையல் போட்ட இடம் ஆறவில்லை, கஞ்சியைத் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை, அதிலும் பாதியை வாந்தி எடுத்தாள். அப்பா லாரி டிரைவர். தோல் லோடோடு போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. நான்தான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் கையை எடுத்துப் பார்த்தால் எலும்பில் தோலைச் சுற்றி வைத்த மாதிரி இருந்தது. அம்மா செத்துப்போய்விடுவாள் என்று எனக்குப் பயம். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் அவளே கண்ணைத் திறந்து, "விராலு கொழம்பு இருந்தா ஒரு வாய் துன்னுவேன் போல இருக்குது" என்றாள்.

அவ்வளவுதான், மாமா துள்ளிக் குதித்தார். விரால் தின்றால் புண் ஆறும், சதை பிடிக்கும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். "ஏரில இருக்கிற விராலு அத்தினியும் உனுக்குத்தான்ம்மா" என்று கட்டிலருகே நின்று சத்தியம் செய்தார். நான்கு நாள் தவளைக்குஞ்சு கட்டிக் கரையில் உட்கார்ந்தார். ஒரு விரால்கூடச் சீண்டவில்லை. கரைக் கூட்டம் ஆளுக்கொரு யோசனை சொன்னது. தவளை சின்னது, தூண்டில் நரம்பு தடிமன், தண்ணி கலங்கல், அமாவாசை நெருங்குது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அடுக்கினார்கள். மருந்து மாவுக்காரரின் முகம் தொங்கியதைப் பார்க்க, அம்மா அந்த நிலையில் கிடக்கும்போதும், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

ஐந்தாம் நாள் மழை கொட்டித் தீர்த்தது. ஆறாம் நாள் காலையில் மாமாவின் மாவுக்கு ஏரியே மேலே வந்தது. கெண்டையும் ஜிலேபி மீனுமாகக் கூடை கூடையாக அள்ளினார்கள். எங்கள் தெருவில் நான்கு வீட்டுக்கு மாமாவே கொடுத்தனுப்பினார். ஆனால் எங்கள் வீட்டுக்கு அதில் ஒன்றுகூட வரவில்லை. பத்து மணி வாக்கில் சைக்கிளில் எங்கேயோ போய், மூடி போட்ட பிளாஸ்டிக் குடத்தோடு வந்தார். உள்ளே தெளிந்த தண்ணீரில் முழங்கை நீளத்துக்கு இரண்டு விரால், உயிரோடு. நானே ஆய்ந்து, அம்மா கட்டிலில் படுத்தபடி சொல்லச் சொல்லக் குழம்பு வைத்தேன். சோற்றைப் பிசைந்து முதல் வாய் எடுத்துப் போகும்போது அம்மா கேட்டாள்.

"நம்ம ஏரிலயாண்ணா புட்ச?"

"ஏரி மீனு உனுக்கு இன்னாத்துக்கும்மா? இது குடியாத்தம் பக்கம் கெணத்து மீனு. நல்ல தண்ணி" என்றார் மாமா.

"அப்போ ஏரித் தண்ணிக்கு இன்னா?"

மாமா தரையைப் பார்த்தார். அம்மாவும் கல்யாணத்துக்கு முன்னால் ஷாப்பில் வேலை செய்தவள்தான். அவள் என் கையைத் தள்ளிவிட்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழ பெய்ஞ்சா தொட்டிய வாய்க்கால்ல தொறந்துட சொல்லுவான் சூப்பர்வைசரு" என்றார் கடைசியில். "நான் தொறக்கலன்னா இன்னொருத்தன் தொறப்பான். மீனு மூச்சு முட்டித்தான் மேல வருது. இத்தினி வருசமா துன்றாங்களே, யாருக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகாதுன்னா எனக்கு மட்டும் ஏன் கெணத்து மீனு?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. "நாலு வீட்லயும் போயி, அந்த மீனத் துன்னாதீங்கன்னு சொல்லிட்டு வா. சொல்ற வரைக்கும் எனக்கு ஒரு பருக்க எறங்காது" என்று மாமாவைப் பார்த்துச் சொன்னாள். அவர் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "வேல போயிடும்மா" என்று முனகியபடி நகராமல் நின்றார். ஊருக்கெல்லாம் கொடை வள்ளல், நாலு படி ஏறி ஒரு உண்மை சொல்லத் துப்பில்லை. தூ என்று துப்பலாம் போலிருந்தது எனக்கு. "நீ போ பாப்பா" என்றாள் அம்மா.

போனேன். முதல் வீடு மும்தாஜ் அக்காவுடையது. நான்கு வயது மகன் அஸ்லமை இடுப்பில் வைத்துக்கொண்டு, மீனை வறுத்துக்கொண்டிருந்தாள். "வா பாப்பா. அம்மாக்கு இப்போ பரவால்லியா? உங்க மாமா நல்லா இருக்கணும், மீனு ரொம்ப ஜாஸ்தியா குடுத்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டே சூடான துண்டு ஒன்றைக் காகிதத்தில் வைத்து என் கையில் கொடுத்தாள்.

சொன்னால் என்ன நடக்கும் என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிட்டது. அக்காவின் வீட்டுக்காரர் எங்கள் வாசலுக்கு வருவார், தெருவே கூடும், மாமாவை அடிப்பார்கள், அம்மா அந்தத் தையலோடு எழுந்து ஓடிவருவாள், குழம்பு ஆறிப்போகும், அவள் சாப்பிடமாட்டாள். எனக்கு அவள் சாப்பிடவேண்டும். மற்றவர்கள் என்ன ஆனாலும் சரி, அவள் சாப்பிடவேண்டும். "தேங்க்ஸ் அக்கா" என்று சொல்லிவிட்டுத் தெருமுனைக்குப் போய், அந்தத் துண்டைச் சாக்கடையில் எறிந்தேன். மற்ற மூன்று வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, "சொல்லிட்டேம்மா, எல்லாரும் கொட்டிட்டாங்க" என்றேன். மாமா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு கூச்சல் இல்லை, ஒருவரும் வாசலுக்கு வரவில்லை, அவருக்குப் புரிந்திருக்கும். குழம்புச் சட்டியை எடுத்து அம்மா பக்கம் நகர்த்தினார். அம்மா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள், வாந்தி எடுக்கவில்லை, அன்றிலிருந்து தேறினாள்.

அஸ்லம் அன்று சாயங்காலமே வாந்தி எடுக்க ஆரம்பித்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தான். புதுத்தண்ணி ஒத்துக்கவில்லை என்றது ஊர். அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் மாமாதான்.

மாமா போய்ப் பத்து வருடமாகிறது. ஏரி இருக்கிறது, தண்ணீர் பச்சைச் சாந்தாக இருக்கிறது. கெண்டை இல்லை, உளுவை இல்லை, விரால் என்பது சந்தையில் பண்ணை மீனுக்குச் சொல்லும் பேராகிவிட்டது. எதைப் போட்டாலும் விழுங்குகிற ஆப்பிரிக்கக் கெளுத்தி மட்டும் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் பைக்கில் வந்து இறங்குகிறார்கள். கையில் மடக்குத் தூண்டில், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, முள்ளில் ரப்பர் தவளை. "நண்பர்களே, மழை முடிஞ்ச இந்த சீசன்ல இந்த இரை போட்டா கன்ஃபார்ம் மீன்" என்று போனைப் பார்த்துப் பேசுகிறார்கள். தண்ணீரை மோந்து பார்த்தவன் அதில் ஒருத்தனும் இல்லை. கரைக் கூட்டம் ஒழிந்தது என்று நினைத்தேன், போன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

அம்மா இருக்கிறாள், எழுபதைத் தாண்டி. சர்ச் சபைக்கு வருகிறவர்கள், ஊசி போட வருகிற நர்ஸ், யார் அகப்பட்டாலும் இந்தக் கதையைச் சொல்வாள். "எங்கண்ணன் பயந்துட்டான், பன்னெண்டு வயசுப் பொண்ணு தெருவையே காப்பாத்திச்சு" என்று முடிப்பாள். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். போன மாதம் மும்தாஜ் அக்கா பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். வீடு மாறிப் போனதிலிருந்து அவளை நான் பார்த்ததில்லை. டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா ஆரம்பித்துவிட்டாள். "இன்னா மும்தாஜ், பாப்பா வந்து சொன்னது ஞாபகம் கீதா?"

மும்தாஜ் அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். என்னை ஒரு கணம் பார்த்தாள். மூன்று நாள் அந்தப் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் அவள்.

"ஞாபகம் இல்லாமயா? ஓடி வந்து சொல்லுச்சு" என்றாள். "வறுத்தது அத்தினியும் கொட்டிட்டோம்."