தண்ணி ஓவர்

கண்ணுங்களா, ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலங்கலில் வழிய ஆரம்பித்ததிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை தண்ணி ஓவருக்குப் போகலாமா என்று. பெரியவளே, நீ பள்ளி அணியில் பந்து போடுகிறவள். இந்த வருடம் முதல் பந்து உனக்குத்தான் என்று பையன்கள் சொல்லிவிட்டார்களாம். நான் வேண்டாம் என்றேன். "ஏம்பா?" என்றாய். நான் வண்டியைத் துடைக்கப் போய்விட்டேன்.

உங்கள் அம்மாதான் அடுப்படியிலிருந்து, "வேணாம்னா போதுமா? இன்னாத்துக்கு வேணாம்னு சொல்லு. வாயால முடியலன்னா எழுதிக் குடு" என்றாள்.

நான் பத்தாவது படித்தவன். குட்டி யானை வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு திண்டிவனத்துக்கும் வானூருக்கும் போய் வருகிறவன். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

கூடத்துச் சுவரில் மாலை போட்ட படத்தில் இருக்கிறானே உங்கள் மாமா, அம்மாவின் தம்பி, அவன் தண்ணீரில் போனான் என்பது உங்களுக்குத் தெரியும். எப்படிப் போனான் என்று தெரியாது. அவன் போனது தண்ணி ஓவரில்தான்.

நம் பக்கத்தில் பூங்கா கிடையாது. கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால் பாண்டிச்சேரி போக வேண்டும். ஆனால் எந்தச் சாலையில் போனாலும் ஒரு ஏரிக்கரை கூடவே வரும். வருடம் பூராவும் நமக்கு விளையாட்டு அதில்தான். மழைக்காலத்தில் கலங்கலில் குளியல். காணும் பொங்கலுக்குக் கரையில் பாய் விரித்து, உரித்துத் தின்ன அவித்த மல்லாட்டையும் புளிச்சோறும். தண்ணீர் சுண்டும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும். சேற்றில் விழாத ஆள் இருக்க மாட்டான். ஆடிக் காற்றில் பட்டம். இதற்கெல்லாம் நடுவில், ஏரி காய்ந்து தரை வெடித்துக் கிடக்கும் மாதங்கள் முழுக்கக் கிரிக்கெட்.

உங்கள் மாமாதான் அணிக்கு கேப்டன். ஹைவேயில் ஒரு டயர் கடையில் வேலை. காலையில் ஆடிவிட்டுத்தான் வேலைக்குப் போவான், வந்ததும் திரும்ப ஆடுவான். ஏரியின் மேட்டுப் பக்கம், கரை முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் அவன் ஒரு பிட்ச் போட்டான். களிமண்ணை உடைத்துச் சலித்து, சாணி கரைத்து மெழுகி, தார் டிரம்மில் சிமெண்ட் அடைத்து உருளையாக்கி, வருடா வருடம் உருட்டினான். தரை இரும்பு மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் வந்து மூடிப் போகும், வற்றினதும் அவன் திரும்ப உருட்டுவான்.

மழையில் ஆட்டம் நின்றுபோவது அவனுக்குப் பொறுக்கவில்லை. அதிலிருந்து வந்ததுதான் தண்ணி ஓவர். ஏரி நிரம்பினால் அந்தப் பிட்ச்சின் மேல் நெஞ்சளவுதான் தண்ணீர். கலங்கலில் வழிந்த பிறகு வரும் முதல் ஞாயிறு, பையன்கள் தண்ணீரில் நடந்து போய், கால் விரலாலேயே பிட்ச்சைத் தடவிக் கண்டுபிடித்து, அதன் மேல் நின்று ஒரே ஒரு ஓவர் ஆடுவார்கள். பந்து மிதக்கும். மட்டையைச் சுற்றினால் பந்தைவிடத் தண்ணீர்தான் தூரமாகப் போகும். கரையில் நின்று ஊர் முழுக்கச் சிரிக்கும். காரில் ஏரி பார்க்க வருகிறவர்கள்கூட வண்டியை ஓரம் கட்டி நிறுத்திப் பார்ப்பார்கள்.

பெரியவளே, நீ கைக்குழந்தையாக இருந்த வருடக் கோடையில் மண் எடுக்கிறவர்கள் வந்தார்கள். எங்கேயோ மனை போடுகிற இடத்துக்குச் சவுடு மண் வேண்டுமாம். லாரிகள் வரிசையாக நின்றன. பொக்லைன் பிட்ச் பக்கம் வந்தபோது உங்கள் மாமா ஓடிப்போய் அதன் முன்னால் நின்றான். நானும் கூட இருந்தேன்.

"அண்ணே, எங்க வேணா தோண்டிக்கோ. இந்தப் பிட்ச்ச மட்டும் உட்ரு."

"ஏரியே லாரில போய்க்கினு கீது, உனக்குப் பிட்ச்சு பேஜாரா?" என்றான் பொக்லைன் டிரைவர்.

"வருசா வருசம் உருட்டினதுண்ணே. கை வச்சியினா இங்கியே படுத்துக்குவேன்."

"படு, படு. உன்னையும் மண்ணோட வாரி அனுப்பிடுறேன். மனைக்குக் காவல் காக்க ஒரு ஆளு ஓசில கிடைச்சான்னு சந்தோசப்படுவாங்க."

எல்லோரும் சிரித்தோம். அந்த ஆளும் சிரித்தான். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, "எங்கூரு ஏரிலயும் நாங்க ஆடிக்கினுதான் இருந்தோம். நானே ஓபனிங். அந்த கிரவுண்ட நானேதான் தோண்டினேன். போ, உன்னுத உட்டுடுறேன்" என்றான்.

சொன்னபடியே விட்டான். பிட்ச்சையும் அதற்குப் போகிற ஒரு வழியையும் விட்டுவிட்டு இரண்டு பக்கமும் தோண்டினான். லாரிகள் போன பிறகு பார்த்தால், நம் வீட்டுக் கூரை உயரத்துக்கு ஒரு மண்சுவர் நின்றது. அதன் தலைமேல் பிட்ச். ஊரே உங்கள் மாமாவின் முதுகில் தட்டிக்கொடுத்தது. அந்தக் கோடையில் மிச்ச நாட்களும் அதிலேயே ஆடினார்கள். பள்ளத்தில் விழுகிற பந்தை எடுக்க ஏணி சாத்தி வைத்தோம். ஏணி வைத்து ஆடுகிற கிரிக்கெட் நம் ஊரில்தான் என்று அதையும் ஒரு வேடிக்கையாகப் பேசினோம்.

இப்போது நினைத்தால் இதுதான் எனக்கு விளங்காத விஷயம். பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. ஒவ்வொரு பள்ளமும் தெரியும். பிட்ச் எங்கே என்றும் தெரியும். நாமெல்லாம் நிலத்தில் வேலை செய்கிற சனம். வெட்டின வரப்பு தண்ணீரில் ஊறினால் எப்படிக் கரைந்து விழும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அது வரப்பு என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எல்லோருக்கும் அது பிட்ச். இரும்பு மாதிரித் தரை. பள்ளத்துப் பக்கம் போகாதே, பிட்ச் மேலேயே நில்லு என்றுதான் பெரியவர்களும் சொல்லி அனுப்பினோம்.

ஏரி நிரம்பியது. ஞாயிற்றுக்கிழமை காலை. நல்ல வெயில். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா கரையில் நின்றாள், பக்கத்தில் நான். உங்கள் மாமா கையில் பந்தைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் போனான், மற்றவர்கள் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு பின்னால். பிட்ச் மேல் ஏறினதும் கையைத் தூக்கி, "கெடைச்சிடுச்சு!" என்று கத்தினான். ஊர் கைதட்டியது.

அவன் போட்ட முதல் பந்தே மட்டைக்கு எட்டாமல் போனது. அம்மா கரையிலிருந்து, "டேய், தண்ணில கூடவா வைடு போடுவ?" என்று கத்தினாள்.

"அக்கா, தண்ணி தள்ளுது! நான் இன்னா பண்றது, நீ வந்து போடேன்!"

அவன் பேச்சை நாங்கள் கேட்டது அதுதான் கடைசி.

அடுத்த பந்தை அடித்தவன் மேலே தூக்கிவிட்டான். உங்கள் மாமா அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தான். பிட்ச்சை விட்டு வெளியே போகவில்லை. அதன் ஓரத்தில்தான் நின்றான். பந்து அவன் கையில் விழுந்தது, பிடித்தும்விட்டான். கரையில் விசில். அப்போது அவன் தோள்வரை இறங்கினான். குனிகிறான் என்று நினைத்தோம். ஓரத்து மண் அவனோடு சேர்ந்து ஒரே துண்டாகப் பள்ளத்தில் சரிந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் விழுந்தார்கள், நீந்தி மேலே வந்துவிட்டார்கள். அவனும் நன்றாக நீந்துவான். ஆனால் சரிந்த மண் அவன் கால்மேல் உட்கார்ந்துவிட்டது. பந்து மட்டும் மேலே வந்து மிதந்தது.

பையன்கள் மூழ்கி மூழ்கிப் பார்த்தார்கள். கலங்கின தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. கயிறு கயிறு என்று கத்தினார்கள். பெண்கள் புடவையை அவிழ்த்துக் கொடுத்தார்கள், எட்டவில்லை. சரக்குக் கட்டுகிற கயிறு என் வண்டியில், வண்டி தெருவில். நான் ஓடிப்போய் எடுத்து வந்தபோது பையன்கள் மூழ்குவதை விட்டுக் கரையேறியிருந்தார்கள். தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து மதியத்துக்கு மேல் எடுத்தார்கள். முட்டிவரை களிமண். காரில் வந்தவர்களில் இரண்டு பேர் அதையும் போனில் படம் பிடித்தார்கள். அம்மா அழவில்லை. "நான்தான் வந்து போடுறேன்னு சொல்லியிருக்கணும்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

பிறகு ஒரு போர்டு வைத்தார்கள், 'ஆழமான பகுதி, குளிக்கக் கூடாது' என்று. அடுத்த கோடையில் பையன்கள் அதைப் பிடுங்கி ஸ்டம்ப்பாக நட்டார்கள். அவர்களைத் திட்டவும் எனக்குத் தெம்பு இல்லை. ஒரு வருடம் தண்ணி ஓவர் இல்லை. அதற்கடுத்த வருடம் வேறு இடத்தில் வேறு பிட்ச், திரும்பத் தொடங்கிவிட்டது. போன வருடம் அந்தப் பிட்ச்சுக்குப் பக்கத்திலும் மண் எடுத்திருக்கிறார்கள். நீயே பார்த்தாய்.

வருடத்தில் ஒரு ஞாயிறு நான் சவாரி ஒத்துக்கொள்ளாமல் கயிறும் லாரி டியூபும் எடுத்துக்கொண்டு எங்கே போகிறேன் என்று நீங்கள் கேட்டதுண்டு. அங்கேதான். பையன்கள் கேலி பண்ணுவார்கள். "இன்னா மாமா, இந்த வருசமும் கயித்தோட வந்துட்டியா? யாரக் கட்டி இழுத்துக்கினு போவப் போற?" பிட்ச் ஓரத்தில் நிற்காதீங்கடா என்று சொல்வேன். "பிட்ச்சு இரும்பு மாதிரி கீது மாமா, நீ ஜல்தியா ஸ்கோர் போடு" என்பார்கள். அதே வார்த்தை. இந்த வருடமும் சொல்வேன். கேட்க மாட்டார்கள்.

ஆகவே பெரியவளே, நீ தண்ணீரில் இறங்கக் கூடாது. தம்பியும்தான். கோடை வரட்டும், காய்ந்த ஏரியில் எவ்வளவு வேண்டுமானாலும் பந்து போடு, நானே கீப்பராக நிற்கிறேன். மாமாவின் பிட்ச்சில் ஒரு பக்கம் இன்னும் நிற்கிறது. கிட்டே போகாமல் தூரத்திலிருந்து காட்டுகிறேன். தண்ணீர் இல்லாதபோது அது எவ்வளவு உயரம் என்று பார்.

ஞாயிற்றுக்கிழமை என்னோடு வருவதானால் வா. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் இருக்கிற பனைமரத்தில் கட்டிவிட்டு, எறிகிற முனையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். எனக்கு இப்போது தோள் வலி, அவ்வளவு தூரம் எறிய வரவில்லை. உனக்கு வரும்.